பழமிருக்கப் பூத்த காப்பி

காப்பி பூத்திருந்தது. பூத்திருக்கக் கூடாது.

தை மாதம் இன்னும் முடியவில்லை. கிளைகளில் பாதிப் பழம் அப்படியே நிற்கிறது, சிவந்தும் மஞ்சளித்தும். அந்தப் பழங்களுக்கு நடுவிலேயே கணுவுக்குக் கணு வெள்ளை. கதவைத் திறந்ததும் வாசனை முகத்தில் வந்து மோதியது. ஐம்பதைத் தாண்டிய எனக்கு அந்த வாசனைக்கு மகிழ்ந்துதான் பழக்கம். அன்று காலையில் திறந்த கதவை மறுபடி சாத்தினேன்.

காப்பிச் செடிக்கு ஒரு ஒழுங்கு உண்டு. கார்த்திகையில் பறிக்கத் தொடங்கினால் தைக்குள் பழம் முடிந்துவிட வேண்டும். பிறகு செடி வெயிலில் காயும், மொக்கு உறங்கும். பங்குனியிலோ சித்திரையிலோ ஒரு மழை வரும். பூ மழை என்போம். அது விழுந்த ஒன்பதாம் நாள் காடு முழுக்க ஒரே மூச்சில் வெளுக்கும். அந்தப் பூதான், பின்னால் ஒரு மறு மழை வந்து காய் பிடித்தால், அடுத்த வருஷத்துப் பழம். ஒன்று இறங்கிப் போனபிறகு இன்னொன்று ஏறி வரும்.

இந்த வருஷம் வங்கக் கடலில் வரக்கூடாத மாதத்தில் ஒரு தாழ்வு மண்டலம் வந்தது. களத்தில் காய்ந்துகொண்டிருந்த பழமெல்லாம் நனைந்தது. இரண்டு நாள் மழை. செடிக்கு என்ன தெரியும்? பூ மழை என்று நம்பிவிட்டது. ஆக, ஒரே கிளையில் இரண்டு வருஷம். பழத்தைப் பறித்தால் பூ உதிரும். பூவைக் காத்தால் பழம் கொட்டும். ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் எனக்கிருப்பது இரண்டரை ஏக்கர். அதற்குள் வைத்து என்னை இப்படி மடக்கிவிட்டது வானம்.

எட்டு மணி பஸ்ஸில் கரடியூரிலிருந்து பறிக்கிற பெண்கள் ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். வேலியோரம் வந்ததும் நின்றுவிட்டார்கள். பூத்த காட்டுக்குள் யாரும் போகமாட்டார்கள். களை வெட்டமாட்டோம், கிளை கழிக்கமாட்டோம், மூன்று நான்கு நாள் காட்டைத் தேனீக்கும் காற்றுக்கும் விட்டுவிடுவோம். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் ஆடு மேய்ப்பவர்கூட அந்த நாட்களில் ஆட்டைப் பிடித்துக் கட்டிவிடுவார்.

"ஏனம்மிணி, இதென்ன கூத்து?" என்றாள் அவர்களுக்குத் தலைவி. அவளுக்கும் எனக்கும் வயது ஒன்றுதான். இருந்தாலும் எனக்கு அவள் அக்கா, அவளுக்கு நான் அம்மிணி.

"பூத்துப்போச்சுக்கா."

"அது தெரியுதுங்க. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? பூத்த காட்டுல நாங்க காலு வெக்க மாட்டமுங்க. நாலு நாளு கழிச்சு வரோம்."

"நாலு நாளு கழிச்சு நீங்க பக்கத்து எஸ்டேட்டுக்குப் போயிருவீங்க. அதுக்குள்ள பாதிப் பழம் மண்ணுக்குப் போயிரும்."

கூட்டத்தில் இளையவள் சாக்கை இடுப்பில் கட்டியபடியே கேட்டாள்: "அப்ப லீவு பூவுக்கா, பழத்துக்காங்க? சட்டுனு சொல்லுங்க, வெயிலு ஏறுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அந்த நேரத்தில் பக்கத்து எஸ்டேட்டில் ஆள் கணக்குப் பார்க்கிற ரைட்டர் பைக்கை நிறுத்தினார். சேலத்துக்காரர், நல்லவர், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவர்.

"ஏனுங்க மேடம், யோசிக்கவே வேண்டாம். மொத்தமா உருவிப்போடச் சொல்லுங்க. எங்க ரோட்டோரத்து பிளாக்க வேற ஆளு வெச்சு நேத்தே உருவியாச்சு. மேல் பிளாக்குக்கு அஞ்சாம் நாளு இவங்கதான் வரோணும். இந்தப் பூவு நிக்காதுங்க. மறு மழை மாசியில எங்க வரப்போகுது? கருகித்தான் போகும்."

"தையில மழை வராதுன்னும் நீங்கதானுங்க சொன்னீங்க."

அவர் கோபப்படவில்லை. ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு, "இதெல்லாம் இயற்கைங்க மேடம். நம்ம கையில என்ன இருக்குது?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இயற்கையாம். அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. கடல் தானாகவா கொதித்தது? பூமிக்கடியில் கிடந்த கரியையும் எண்ணெயையும் தோண்டி எடுத்து இரவும் பகலும் எரித்து, அந்தப் புகையை வானத்துக்குப் போர்த்திவிட்டு, போர்வைக்குள் வேர்க்கிறதே என்றால் யார் குற்றம்? ஞாயிற்றுக்கிழமை கொண்டை ஊசி வளைவுகளில் வரிசைகட்டி நிற்கிற கார்களைப் பாருங்கள். குளிரைத் தேடி மலையேறி வருகிறவர்கள், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசிக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏற்காடு டவுனில் ஸ்வெட்டரும் கம்பளிக் குல்லாவும் மட்டும் தொங்கிய துணிக்கடை பாயின் வாசலில் இப்போது டேபிள் ஃபேன் நிற்கிறது. "ஸ்வெட்டரு டூரிஸ்ட்டுக்குங்க, ஃபேனு உங்களுக்குங்க" என்று சிரித்துக்கொண்டேதான் எனக்கும் ஒன்றைக் கட்டிக்கொடுத்தார். இதற்கெல்லாம் இயற்கை என்று பெயர் வைக்க என்னால் முடியாது.

என்னையும் விடமாட்டேன். மேற்குச் சரிவில் அத்தியும் வேங்கையும் பெரிதாக நின்ற இடத்தில், மிளகுக்கு ஆசைப்பட்டு, அவற்றை வெட்டி, கொடி ஏற்ற வரிசையாகச் சில்வர் ஓக் மரம் வைத்தது நான்தான். அந்த வரிசைகளில்தான் இன்றைக்குத் தண்டைத் துளைக்கிற வண்டு அதிகம். வெயில் எங்கே தடையின்றி இறங்குகிறதோ அங்கே அதற்குக் கொண்டாட்டம்.

உருவுவது என்றால் கிளையை முரட்டுத்தனமாக இழுத்து, அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பில் பழம், காய், இலை, மொக்கு எல்லாவற்றையும் சாக்கில் கொட்டுவது. நான் உருவமாட்டேன் என்று உரக்கவே சொன்னேன். பழத்தைக் கொட்டவும் விடமாட்டேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தனியாகக் காட்டுக்குள் இறங்கினேன்.

ஒரு கையில் கிளை, மறு கையில் பழம். முதல் செடியிலேயே மூன்று கொத்துப் பூவை முறித்தேன். வேலியோரத்திலிருந்து கத்தல்.

"அம்மிணி, அது எருமை மடியா? அந்த இழு இழுக்கறீங்க!"

"ஏட்டுல கூலி எழுதற கையி, அதுக்கென்ன தெரியும்."

இரண்டாவது செடியில் இன்னும் மோசம். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. வேலியைத் தாண்டும் முன் ஒரு நொடி நின்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பூத்த காட்டில் கால் வைக்கமாட்டோம் என்று எனக்குச் சொன்னவள், கால் வைத்தாள்.

"மழையே மொறை தப்பிப் பெய்யுது. நாமளும் ஒருக்கா தப்பிப் பாப்பம். கெளைய நான் ஆடாமப் புடிச்சுக்கறேன். நீங்க இழுக்காதீங்க, திருகுங்க. பழுத்தத மட்டும். ஆ, அப்படித்தான்."

கிளை அசையவில்லை. பழம் வந்தது. பூ நின்றது.

அன்றிலிருந்து ஒரு செடிக்கு இரண்டு பேர். ஒருத்தி பிடிக்க, ஒருத்தி திருக. ஆளுக்கு ஆள் மாற்றி மாற்றி, தேனீக்கள் காதருகே இரைய, பேச்சும் கேலியுமாக. அவர்கள் ஐந்து பேர், என்னோடு ஆறு. "மூணு சோடி, தாலி மட்டுந்தான் பாக்கி" என்றாள் இளையவள். ஆனால் வேலை பாதிதான் நடந்தது. மூன்றாம் நாள் மாலை கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேற்குச் சரிவு முழுக்க மிச்சம். ஒரே ஒரு நாள்தான் கையில். முடியாது.

நான்காம் நாள் காலை அங்கே போய்ப் பார்த்தோம். ஒரு பூ இல்லை. தொட்டவர் யாருமில்லை, முறித்தவர் யாருமில்லை. வெள்ளையெல்லாம் பழுப்பாகி, விரல் பட்டதும் தூளாகி உதிர்ந்தது. நிழல் இல்லாத வெயில் எங்களுக்கு முன்பே வந்து உருவிவிட்டுப் போயிருந்தது.

"இங்கெதுக்குங்க சோடி?" என்றாள் அக்கா மெதுவாக.

ஆளுக்கொரு செடியாக மத்தியானத்துக்குள் சரிவு முழுவதையும் முடித்துவிட்டோம். இவ்வளவு சுலபமாக ஒரு வேலை முடிந்து, அதற்காக நான் வெட்கப்பட்டது அன்றுதான். சில்வர் ஓக்கின் ஒல்லி நிழல் கோடாக விழுந்து கிடந்தது. குடை பிடிக்க வேண்டிய இடத்தில் குச்சியை நட்டுவிட்டு இருந்திருக்கிறேன்.

மற்ற இடங்களில், பழைய மரங்களின் கீழே, பூ வாடிக் கணுவில் பச்சைப் புள்ளி நின்றது. மறு மழை வந்தால் பிழைக்கும். வருமா, தெரியாது. குட்டையில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது, மோட்டாரை ஓட்டியாவது நனைப்பேன். அந்த மோட்டாருக்கும் கரண்ட் எங்கோ கரியை எரித்துத்தான் வருகிறது என்பதும் தெரியும். தெரிந்தே நனைப்பேன். கைகட்டி நிற்கமாட்டேன்.

ஐந்தாம் நாள் காலை போன் அடித்தது. ரைட்டர்.

"ஏனுங்க மேடம், இவங்களுக்கு என்ன சொல்லிக் குடுத்து அனுப்புனீங்க? செடிக்கு ரெண்டு பேராத்தான் எறங்குவோம், இல்லாட்டி எறங்கவே மாட்டோம்னு அத்தன பேரும் மேல் பிளாக்கு வேலியோரம் நிக்கறாங்க. ஒத்த ஆளு வேற கொறையுது!"

"நான் ஒன்னும் சொல்லிக் குடுக்கலீங்க."

உண்மையைத்தான் சொன்னேன். அவர் பதில் சொல்வதற்குள், அவருக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் போனில் தெளிவாகக் கேட்டது.

"ரைட்டருங்க, போன வெச்சுப்போட்டு வந்து கெளையப் புடிங்க."