ஒரே மூட்டைப் பருப்பு

இந்த மார்ச்சில் ஒரு நாள் துவரம் பருப்பு டப்பாவைத் திறந்தேன். பருப்பு நடந்தது.

வண்டுதான். ஒன்று, இரண்டு என்றால் பொறுக்கி எறிந்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். இது குடும்பம், கூட்டம், ஊர்வலம்!

எங்கள் வீட்டில் சமையலறை என் இலாகா. மனைவி ஷீலா காலை எட்டு மணிக்கு பொம்மனஹள்ளி ஆபீசுக்குக் கிளம்பிவிடுவாள். நான் வீட்டிலிருந்து பத்திரிகைக்குப் பத்தி எழுதுகிறவன். பருப்பு, புளி, மிளகாய், தனியா... வருஷத்துக்கும் வாங்கி, காயவைத்து, டப்பாவில் அடைத்து, லேபிள் ஒட்டி வைப்பது நான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கொஞ்சமா? சரி, நிறையவே.

அன்று மாலை ஷீலா எதிர் ஃபிளாட் அமுதாவிடம் போய் ஒரு டம்ளர் பருப்பு வாங்கி வந்தாள். வாங்கியதோடு விட்டாளா?

"பாருங்க, ஒரு வண்டு கூட இல்ல. ரெண்டு பேரும் ஒரே மூட்டையத்தானே பிரிச்சுக்கிட்டீங்க?"

அங்கேதான் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

அமுதா ஸ்கூல் டீச்சர். கோலார் தங்கவயல்காரி, அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஃபிரேசர் டவுனில் எங்கள் எதிர் ஃபிளாட்டுக்கு வந்து ஆறு வருஷமாகிறது. ஒவ்வொரு ஏப்ரலிலும் இரண்டு வீட்டுக்கும் சேர்த்தே மளிகை வாங்குவோம். மொட்டை மாடியில் பக்கத்துப் பக்கத்தில் மிளகாய் காயும். மில்லுக்கும் ஒரே ஆட்டோவில்தான் போவோம். அப்படிப்பட்டவளின் பருப்பைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் பட்டேன்.

பொறுக்க முடியாமல் போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். கேட்டேன்.

"பருப்புல என்னம்மா போட்டு வைக்கிற?"

"பேர் சொல்லாததுண்ணா. ஒரு துண்டு துணியில முடிஞ்சு போட்டா போதும்."

"பரவால்ல, சொல்லும்மா."

"ஐயோ, விளக்கு வெச்சாச்சுண்ணா. இப்ப சொல்ல மாட்டாங்க. காலைல சொல்றேன்."

எப்படி இருக்கும் எனக்கு? பெயரைச் சொல்ல மாட்டாளாம். கேட்டால் விளக்கு வைத்தாகிவிட்டதாம். ஒரு ரகசியத்தை மறைக்க இப்படி ஒரு சாக்கா! ஆறு வருஷம் ஒரே ஆட்டோவில் மில்லுக்குப் போன மனுஷனிடம்...

மறுநாள் காலை ஸ்கூலுக்குக் கிளம்பும்போது அவள் எங்கள் கதவைத் தட்டினாள். குளிப்பதாகச் சொல்லச் சொல்லி ஷீலாவை அனுப்பினேன். அதற்கு மறுநாளும் குளித்தேன். அப்புறம் அவள் தட்டவில்லை.

ஏப்ரல் வந்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டேன்.

"அண்ணா, மிளகா வாங்க எப்ப போலாம்?"

"இந்த வருஷம் வேணாம்மா. பாக்கெட் பொடியே போதும்னு ஷீலா சொல்றா."

ஷீலா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அமுதாவின் முகம் சட்டென்று சின்னதாகிப்போனது. "சரிண்ணா" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போனால், பேடகி மிளகாயைத் தனியாகப் பரப்பிக்கொண்டிருக்கிறாள். என்ன சிவப்பு! அதையும் பார்த்து வயிறெரிந்தேன். எனக்குத்தான் வேறு வேலை இல்லையே.

போன வாரம் புதுப் பருப்பு வாங்கினேன். அதையாவது காப்பாற்ற வேண்டுமே என்று காலையிலேயே கிரந்திகெ அங்கடிக்குப் போனேன். நாட்டு மருந்துக் கடைக்கு இங்கே அதுதான் பெயர். பருப்பில் வண்டு வராமலிருக்க ஏதாவது கொடுங்கள் என்று கன்னடத்தில் கேட்டேன். கடைக்காரர் நாலைந்து காய்ந்த வேர்த் துண்டுகளை எடுத்து வைத்துவிட்டுத் தமிழிலேயே பதில் சொன்னார்.

"பஜெ. தமிழ்ல வசம்பும்பாங்க. காலைல வந்தீங்க, பேரச் சொல்றேன். பொழுது போயி வந்தா தமிழ்க்காரங்க வசம்புன்னு வாயத் தொறக்க மாட்டாங்க சார். 'பேர் சொல்லாதது குடுங்க'ன்னுதான் கேப்பாங்க."

"என்னது?"

"பேர் சொல்லாதது. அதான் அதுக்குப் பேரு."

இந்த ஊரிலேயே, ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் அது எந்நேரமும் பஜெதான். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்ட அந்த நிமிஷமே சொல்லிவிட்டாள். நான்தான் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

நேரே அமுதா வீட்டுக்குப் போனேன். ஸ்கூலுக்கு லீவு விட்டிருந்த நேரம். ஒன்று விடாமல் சொன்னேன். பொறாமை, குளியல், ஷீலா பேரில் சொன்ன பொய், எல்லாவற்றையும். அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"நான் ஏதோ தப்பாப் பேசிட்டேன்னு ஒரு மாசமா யோசிச்சிட்டே இருந்தேண்ணா. என்ன பேசினேன்னுதான் தெரியல."

அவள் உள்ளே போய் ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவோடு வந்தாள். சாம்பார் பொடி.

"உங்களுக்கும் சேத்துத்தான் அரைச்சேன். எப்படிக் குடுக்கிறதுன்னுதான் தெரியாம வெச்சிருந்தேன்."

மன்னித்துவிடு என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டேன். மூடியைத் திறந்ததும் வாசனை ஆளைத் தூக்கியது. என் பொடியில் அந்த வாசனை ஒரு வருஷமும் வந்ததில்லை. மறுபடியும் வயிற்றில் லேசாக ஓர் எரிச்சல்... என்ன ஜென்மமோ நான்!

இந்த ஞாயிறு சாம்பார் வைத்தேன். ஷீலா இரண்டாம் முறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டாள்.

"இத்தன வருஷத்துல இந்தப் பொடிதாங்க டாப். கலக்கிட்டீங்க!"

நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

நல்ல வேளை, அவள் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை.