அப்கிரேடு போட்டுவிட்டு மலைக்குப் போனவர்

கம்ப்யூட்டர் சர்வீஸ் என்பது, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்வரை நம் பெயரே யாருக்கும் ஞாபகம் வராத தொழில். நின்றுபோன அன்றைக்குத்தான் நம் பெயரோடு நம்மைப் பெற்றவர்களையும் சேர்த்துக் கூப்பிடுவார்கள். இதைப் படிக்கிற நீங்களும் இதே பிழைப்பில் இருந்தால் மேலே சொல்லவே வேண்டாம். இல்லையென்றாலும் மிக்சி ரிப்பேர், மோட்டார் ரிப்பேர் என்று எதிலாவது அடுத்தவர் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கும் புரியும்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நானும் என் வீட்டுக்காரர் செந்திலும் சேர்ந்து கடை வைத்திருக்கிறோம். இங்கிருந்து சிதம்பரம் வரைக்கும் எங்கள் கஸ்டமர்கள். ரத்தப் பரிசோதனை லேப், பிரவுசிங் சென்டர், ஐஸ் கம்பெனி என்று சின்னச் சின்ன இடங்கள். பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வைரஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் நாங்கள்தான் வைரஸ் அவ்வளவாக அண்டாத லினக்ஸ் போட்டுக் கொடுத்தோம். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பதை இன்னொரு தடவையும் சொல்லிக்கொள்கிறேன், என் வயிற்றெரிச்சலே அதுதான்.

கார்த்திகையில் அவர் மாலை போட்டார். மாலை போட்டவரை வீட்டில் எல்லோரும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். அவரிடம் குரலை உயர்த்தக் கூடாது, திட்டக் கூடாது. மலைக்குக் கிளம்புகிற அன்று சாயங்காலம், நான் இருமுடிக்குத் தேங்காயும் நெய்யும் எடுத்து வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், இவர் கடையில் உட்கார்ந்து எல்லா கஸ்டமர் சிஸ்டத்திலும் ஒரே மூச்சில் புது வெர்ஷன் அப்கிரேடைத் தட்டிவிட்டார். அதற்கு அந்தந்த ஊருக்குப் போக வேண்டியதில்லை, கடையிலிருந்தே எல்லாவற்றுக்குள்ளும் நுழைய எங்களுக்கு வழி இருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னார்: "எல்லாத்துக்கும் அப்கிரேடு போட்டுட்டேன் வனிதா. காலைல பாரு, சும்மா புது சிஸ்டம் மாதிரி ஓடும்."

லெட்டர்பேடு இல்லாத ரத்தம்

காலையில் முதல் போன் சிதம்பரம் லேபிலிருந்து. திரை கறுப்பாக இருக்கிறது, வெள்ளை எழுத்து மட்டும் நிற்கிறது என்றார் ஓனர். மழையில் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. லினக்ஸுக்குக் கர்னல் என்று ஒன்று உண்டு, உயிர் மாதிரி. அப்கிரேடில் புதுக் கர்னல் வந்து இறங்கியிருக்கிறது. அது இருக்க வேண்டிய இடமோ பழைய கர்னல்களால் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பீரோவில் பழைய துணியை எடுக்காமல் புதுத் துணியைத் திணித்தால் கதவு சாத்துமா? பாதி மட்டும் உள்ளே போய், மிஷின் எழுந்திருக்க முடியாமல் கிடந்தது.

எனக்குக் கோபம் வந்தது இதற்கல்ல. பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், பிச்சாவரத்தில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர். அவர் மனைவிக்கு டெங்கு, பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தட்டணுக்கள் எவ்வளவு என்று பார்த்துத்தான் டாக்டர் மேற்கொண்டு முடிவெடுப்பார். ரத்த அணுக்களை எண்ணுகிற மிஷின் வேறு, அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் சின்னத் திரையில் அந்த அம்மாவின் கணக்குத் தெளிவாக நிற்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் எழுந்து, லேப் பெயர் போட்ட தாளில் பிரிண்ட் வந்தால்தான் தருவேன் என்று ஓனர் நிற்கிறார். "கையால எழுதிக் குடுத்தா நம்ம லேபுக்கு ஸ்டேண்டர்டு இருக்காதுங்க மேடம்" என்கிறார். அந்த மனிதர் விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருக்கிறாராம்.

நான் கீபோர்டை விட்டுக் கையை எடுத்துவிட்டேன். "அவருக்கு எழுதிக் குடுங்க, அப்புறம்தான் நான் கை வைப்பேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. டெக்னீஷியன் பெண் ஓனர் முகத்தைப் பார்க்காமல் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள். "நேத்தைவிட இன்னைக்கு ஏறியிருக்குங்க அண்ணே, பயப்படாதீங்க" என்று கொடுத்தாள். அவர் போன பிறகுதான் நான், மிஷின் எழும்போது வருகிற மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து மிஷினை எழுப்பி, வேண்டாததை அழித்து, புதியதை ஒழுங்காக உட்கார வைத்தேன். போகும்போது அவர் அந்தத் தாளை மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வாசலில் நின்று, இன்னும் கறுப்பாகவே கிடந்த கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "இது எந்திரிக்கிறதுக்குள்ள எம் பொண்டாட்டி எந்திரிச்சு வூட்டுக்கே வந்துடுவா போலக்குது."

மெயினை அணைத்தவர்

லேபில் வேலை முடிவதற்குள் கீரப்பாளையத்திலிருந்து போன் மேல் போன். அங்கே பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர் எங்கள் பழைய கஸ்டமர். சம்பாப் பயிருக்கு இன்சூரன்ஸ் பதிய நீட்டித்துக் கொடுத்த கடைசி நாள் அன்றைக்குத்தான். நான் போய் இறங்கும்போது சென்டர் வாசலில் விவசாயிகள் குடையும் கோணிப்பையுமாக நிற்கிறார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவருக்குள் நிலத்துக்கான சிட்டா, அடங்கல், பேங்க் பாஸ்புக். அத்தனை பேரும் என்னைப் பார்த்த பார்வையை நான் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். வயலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, பதிவு மட்டும் ஆகவில்லை.

இங்கே வேறு விதமான கூத்து. முந்தைய நாள் அப்கிரேடு பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது, சென்டர்காரர் கடை சாத்துகிற அவசரத்தில் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். "அணைக்காதீங்கன்னு அதுலயே எழுதியிருந்திருக்குமே" என்று கேட்டேன். "இங்கிலீஷ்ல என்னமோ ஓடிச்சும்மா. விளம்பரம்னு நெனச்சேன்" என்றார். அவரைச் சொல்லி என்ன செய்வது? இப்படி ஒரு வேலை நடக்கிறது, அணைத்துவிடாதீர்கள் என்று ஒரு போன் செய்திருக்க வேண்டியவர் அந்நேரம் சரணம் சொல்லிக்கொண்டு வேனில் போய்க்கொண்டிருந்தார்.

என் லேப்டாப்பைத் திறந்து, போனிலிருந்து நெட் கொடுத்து, "இதுல பதிய ஆரம்பிங்க" என்று சென்டர்காரரிடம் தள்ளினேன். நான் லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் செருகி, செத்துக் கிடந்த மிஷினுக்குள் நுழைந்து, பாதியில் நின்ற வேலையை மிச்சமில்லாமல் முடித்தேன். ஒவ்வொரு வரியாக ஓடி, ஒரு வழியாக முகப்புத் திரை வந்தபோது என் முதுகுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது. இரண்டு மிஷினிலுமாகப் பதிந்து, இருட்டுவதற்குள் வரிசை தீர்ந்துவிட்டது. கடைசியாகப் பதிந்த பெரியவர் ரசீதை மடித்துக் கவருக்குள் வைத்துக்கொண்டே கேட்டார்: "பயிருக்கு இன்சூரன்ஸ் போட்டாச்சு. இந்தப் பொட்டிக்கு யாராச்சும் போட்டாங்களாம்மா?"

பம்பையிலிருந்து ஒரு போன்

கீரப்பாளையம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருக்கும்போது அவர் கூப்பிட்டார். பின்னால் ஒரே சரண கோஷம், ஆற்று இரைச்சல். காலையிலிருந்து எத்தனையோ தடவை அடித்துப் பார்த்தும் கிடைக்காத போன். மனசுக்குள் என்னென்னவோ கட்டி வைத்திருந்தேன். வாயைத் திறந்தால், "சொல்லுங்க சாமி" என்றுதான் வருகிறது. பக்கத்தில் நின்ற பெண்கள் இரண்டு பேர் மரியாதையாகத் தள்ளி நின்றுகொண்டார்கள்.

நடந்ததைச் சொன்னேன். முழுசாகக் கேட்டாரா தெரியாது. "மெனுல பழைய கர்னல் இருக்கும் பாரு, அதுல எழுப்பிட்டு..." என்று எனக்கே பாடம் நடத்த ஆரம்பித்தார். "அதெல்லாம் ஆச்சு சாமி" என்றேன். "பாத்தியா" என்று சந்தோஷப்பட்டார். கல்லூரியில் நானும் அவரும் ஒரே வகுப்பு. எனக்கு வந்த மார்க் அவருக்கு வரவில்லை என்பதை நான் கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவை கூடச் சொல்லிக் காட்டியதில்லை. அன்றைக்கு அது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மழை வலுத்துக்கொண்டிருந்தது, செருப்பு சேற்றில் புதைந்திருந்தது. "யாரக் கேட்டுப் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டேன். சிக்னல் விட்டுவிட்டு வந்த அந்தப் போனில், பதில் மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவாகக் கேட்டது. "யாரக் கேக்கணும்? நீ இருக்கிற தைரியத்துலதான் போட்டேன்."

எமர்ஜென்சி

மறுநாள் காலை தேவனாம்பட்டினம் ஐஸ் கம்பெனி. அங்கே கணக்கு எழுதுகிற கலா போனில் மூச்சு வாங்கினாள். "அக்கா, எமர்ஜென்சின்னு வந்து நிக்குதுக்கா. வேற ஒண்ணும் வரல." நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அங்கே ஐஸ் ஏற்றுகிற வேலையே நின்றிருந்தது. கடலுக்குப் போக ஐஸ் எடுக்க வந்த ஆட்கள் வண்டியை அப்படியே போட்டுவிட்டு வாசலில் கூடி நிற்கிறார்கள். காற்றழுத்தம், புயல் சின்னம் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்த வாரம் அது. கம்ப்யூட்டரிலேயே எமர்ஜென்சி என்று வந்துவிட்டதாம் என்று யாரோ சொல்ல, கம்பெனி முதலாளி கரைக்குத் திரும்பச் சொல்லித் தெரிந்த படகுகளுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தார். சுனாமியில் அண்ணன் மகளைப் பறிகொடுத்தவர் அவர். எடுக்காத நம்பரையே மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் ஒன்றுமே இல்லை. அந்த மிஷினோடு கணக்குப் பிரதி எடுத்து வைக்கிற ஒரு தனி டிஸ்க் செருகியிருக்கும். முதலாளியின் மருமகன் படம் பார்க்க அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பல நாளாகிறது. அணைக்காமலே ஓடுகிற மிஷின் என்பதால் அதுவரைக்கும் தெரியவில்லை. மெதுவான நெட்டில் அப்கிரேடு ஒரு நாள் முழுக்க இழுத்து, அன்றைக்குக் காலையில்தான் அணைந்து மறுபடி எழும்போது டிஸ்க்கைத் தேடியிருக்கிறது, கிடைக்கவில்லை, எமர்ஜென்சி மோட் என்று எழுதிக் காட்டிவிட்டுப் படுத்துவிட்டது. டிஸ்க்கைத் தேடாதே என்று ஒரு வரியை மாற்றி எழுதினேன். எழுந்துகொண்டது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கழற்றிக்கொண்டு போன மருமகன் மேல், சொல்லாமல் அப்கிரேடு போட்டவர் மேல், எங்கோ உட்கார்ந்துகொண்டு ஒரு டிஸ்க் காணாததற்கெல்லாம் இந்த வார்த்தையை எழுதி வைத்த, எனக்கு முகம் தெரியாத அந்த ஆள் மேல். இந்தக் கரையில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு யார் சொல்வது? "ஒண்ணும் இல்லீங்க ஐயா, சும்மா ஒரு டிஸ்க்குதான் காணல. கடலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று முதலாளியிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் போனைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். வெளியில் ஐஸ் உடைக்கிற சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கும் இப்புடி எழுதிக் காட்டிட்டு வந்திருந்தா நல்லாருந்திருக்கும்மா."

புதுசாக என்ன வந்தது

அவர் மலையிலிருந்து திரும்பினார். தெருவே வந்து பிரசாதம் வாங்கிப் போனது. கோயிலில் மாலையைக் கழற்றிவிட்டு, குளித்து, சாப்பிட்டு, கடைக்கு வந்து உட்கார்ந்தார். நான் ஷட்டரைப் பாதி இறக்கினேன். இனி அவர் சாமி இல்லை. "மாமா" என்று ஆரம்பித்தேன். லேபில் உட்கார்ந்திருந்த மனிதரைச் சொன்னேன், கீரப்பாளையத்து வரிசையைச் சொன்னேன். ஐஸ் கம்பெனி முதலாளி எடுக்காத நம்பரையே மறுபடி மறுபடி அடித்ததைச் சொன்னேன். "என் தைரியத்துல நீ எதுக்கு மாமா சூதாடுற? ஒரு இடத்துல போட்டுப் பாத்துட்டு மத்ததுக்குப் போடணும்னு ஜாஸ்தி படிச்சவங்களா சொல்லணும்? அரிசி வெந்துச்சான்னு ஒரு சோத்த எடுத்து நசுக்கிப் பாக்குறதில்ல?" ஐஸ் கம்பெனி விஷயம் அவருக்கு உறைத்தது, அது முகத்தில் தெரிந்தது. மறுநாள் தானே தேவனாம்பட்டினம் போய் அந்த முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னார், போகவும் செய்தார்.

கஸ்டமர் சிஸ்டங்களுக்குள் நுழைகிற பாஸ்வேர்டை நான் மாற்றிவிட்டேன் என்றும், இனி என்னைக் கேட்காமல் ஒன்றையும் தொட முடியாது என்றும் சொன்னேன். "சரி" என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி என்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கோபம் கொஞ்சம் இறங்கிற்று. டீ வாங்கி வந்து கொடுத்தார். இரண்டு பேரும் குடித்தோம். டம்ளரை வைத்துவிட்டு என்னையும் கடை கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தவர், அடக்க முடியாமல் கேட்டேவிட்டார்: "ஆமா, அந்த வெர்ஷன்ல புதுசா என்னென்ன வந்திருக்குன்னு பாத்தியா?"

எழுந்திருக்காத எந்த மிஷினையும் எப்படியாவது எழுப்பிவிடலாம் என்பதுதான் இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது, நன்றாக ஓடுகிற ஒன்றைப் பார்த்துக் கை துறுதுறுக்காத ஆளை மட்டும் இந்தத் தொழிலில் நான் இன்னும் பார்க்கவில்லை.