முதுகுக்குப் பின்னால் இடது கை

"திமிராம். யாருக்கு?" பார்லரில் முடி உலர்த்திக்கொண்டிருந்த வில்லடீன் தலைமேல் கவிழ்ந்திருந்த டிரையரைத் தூக்கிவிட்டு எழுந்தே விட்டாள். "முப்பத்தொரு வருஷம் சபை வாசல்ல நின்னவ எர்னஸ்டீன். உன் பிள்ளைங்க மூணு பேரையும் பிரசங்கத்துக்கு நடுவுல மூத்திரத்துக்குக் கூட்டிட்டுப் போனது யாரு? அவளைத் திமிர் பிடிச்சவன்னு சொல்ல உனக்கு எப்படி வாய் வருது க்ளோடீன்?"

பக்கத்து நாற்காலியில் இருந்த க்ளோடீன் சளைக்கவில்லை. "ஊரே சொல்லுது, நான் சொன்னா மட்டும் குத்தமா? கேமராவைப் பார்த்துட்டா, இனி பாத்திரம் கழுவக் கை போகுமா? மான்ட்கோமரியில சட்டசபைப் படிக்கட்டுல செத்த பொண்ணு படத்தைத் தூக்கிக்கிட்டு நிக்கிறா. அவளை மாதிரியே பொண்ணைப் பறிகொடுத்த பொம்பளைங்க நாலு பேரு கூட. பாஸ்டர் முகத்துல கரியைப் பூசிட்டுத்தானே போனா?"

"நடந்தது உனக்குத் தெரியாது."

"அப்ப சொல்லேன்."

வில்லடீன் உட்கார்ந்து டிரையரை இழுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். சொன்னால் தன்னையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்.

எர்னஸ்டீன் ப்ளெட்ஜர் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். கோல்ட்டர் ஊரில் அவள் கையால் சோளரொட்டி தின்னாத பிள்ளை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வெள்ளை உடுப்பு, வெள்ளைக் கையுறை, சபையில் வருகிறவர்களை வரவேற்று உட்காரவைக்கும் வாசல் ஊழியம். அந்த ஊழியத்தில் வாய் திறக்கக் கூடாது. எல்லாம் கைஜாடைதான். உள்ளங்கையை உயர்த்தினால் நில் என்று அர்த்தம். விரலை மடக்கினால் வா. சும்மா நிற்கும்போது இடது கையை மடக்கி முதுகுக்குப் பின்னால் இடுப்போடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் மரியாதை. அவளும் வில்லடீனுமாகத்தான் சபைப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் பழக்கினார்கள்.

பழகிய பிள்ளைகளில் ஒருத்தி லட்ரீஸ், எர்னஸ்டீனின் தங்கை மகள். தாய் போனபிறகு பெரியம்மா வீட்டிலேயே வளர்ந்தவள். ஆறு வயதில் கையுறை போட்டவள் இருபத்திரண்டு வயதிலும் விடவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை. பெரியவர்கள் யார் முன்னால் நின்றாலும் அவளுடைய இடது கை தானாகவே பின்னால் போய்விடும். "கடன்காரன் வந்தாக்கூட இப்படித்தான் நிப்பியாடி?" என்று வில்லடீன் கேலி பண்ணுவாள்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவளை, காரின் பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ்காரன் நிறுத்தினான். இறங்கி ஓரமாக நில் என்றான். அவளும் இறங்கி நின்றாள். தனக்குப் பழகிய மாதிரி, கையைப் பின்னால் வைத்து நின்றாள். கையில் என்ன, காட்டு என்று அவன் கத்தினான். பதறிப்போய்க் கையை முன்னால் கொண்டுவந்தாள். அதற்குள் சுட்டுவிட்டான்.

எதையோ ஒளித்து வைத்திருந்தாள் என்று அவன் எழுதிக் கொடுத்தான். பேப்பரிலும் அப்படியே வந்தது. ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. ஒன்றும் இல்லாமலா கையை ஒளிப்பாள்?

அந்த வாரம் எர்னஸ்டீன் தன் சமையலறையில் வில்லடீனை உட்காரவைத்துக் கேட்டாள். "அது நம்ம நிக்கிற நிலை, வில்லி. விசாரணையில நான் சொல்லட்டுமா?"

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? அப்ப நீங்கதான் பிள்ளையைக் கொன்னீங்கம்பாங்க."

"நான்தானே பழக்கினேன்."

"நானும்தான். அதான் சொல்றேன், வாயை மூடிக்கோ. சபைப் பேரை இதுல இழுக்காதே."

எர்னஸ்டீன் கேட்டுக்கொண்டாள். விசாரணை அன்று கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மறு மாதமே அந்தப் போலீஸ்காரன் வேலைக்குத் திரும்பினான்.

அதற்கப்புறம் எர்னஸ்டீனுக்கு ஒரே ஒரு எண்ணம்தான். வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு, போலீஸ் கையால் போனவர்கள் பெயரைப் பாஸ்டர் மேடையிலிருந்து வாசிப்பார்; சபை எழுந்து நிற்கும். கர்ட்டிஸ் போல்டன், ரெஜி மேட்லாக் என்று இரண்டு ஆண்கள். மூன்றாவதாக லட்ரீஸ் பெயரும் வர வேண்டும் என்று போய்க் கேட்டாள்.

பாஸ்டர் ஹாலிஃபீல்ட் கெட்டவர் இல்லை. லட்ரீஸுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரே அவர்தான். ஆனால் இழுத்தார். "கையில என்ன இருந்துச்சுன்னு கேள்வி இருக்கே சிஸ்டர். தெளிவாகட்டும். அடுத்த வருஷம் பார்க்கலாம்."

எர்னஸ்டீன் நேரே வில்லடீனிடம்தான் வந்தாள். "நீயும் வா. ரெண்டு பேரும் சேர்ந்து அவர்கிட்ட சொல்லிடுவோம். நான் மட்டும் சொன்னா வளத்தவ புலம்பறாம்பாங்க."

"ஞாயிறு முடியட்டும். மீன் வறுவல் விருந்து வேற இருக்கு, தலைக்கு மேல வேலை."

"ஞாயிறுக்குத்தான்டி கேக்கிறேன்."

வில்லடீன் போகவில்லை. மீன் வாங்கப் போனாள்.

அந்த ஞாயிறு பாஸ்டர் இரண்டு பெயர்களை வாசித்துவிட்டுத் தாளை மடித்தார். நடுப்பாதையில் நின்றிருந்த எர்னஸ்டீன் வாய் திறந்தாள். முப்பத்தொரு வருஷத்தில் அங்கே நின்று அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"லட்ரீஸ் மே ப்ளெட்ஜர்."

பியானோ நின்றுபோனது.

"அவ கையில ஒண்ணும் இல்லை. நான் பழக்கின மாதிரி நின்னா. இப்படி." திரும்பி முதுகைக் காட்டினாள். "விசாரணையிலேயே சொல்லியிருக்கணும். சொல்லலை. இப்ப சொல்றேன்."

சுவரோரமாக எட்டுப் பிள்ளைகள் வெள்ளைக் கையுறையோடு வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லோருடைய இடது கையும் முதுகுக்குப் பின்னால். சபை அவர்களைப் பார்த்தது, பிறகு தரையைப் பார்த்தது. ஒரு தாய் எழுந்துபோய்த் தன் மகளின் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவிட்டாள்.

பாஸ்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை போலும். "ஜெபிப்போம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் ஆரம்பித்துவிட்டால் ஒருவரும் அசையக் கூடாது, கதவும் திறக்கக் கூடாது. எர்னஸ்டீன் கையுறைகளைக் கழற்றிக் கடைசிப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

வாசலில் நின்றது வில்லடீன். யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. கை தானாக உயர்ந்தது. உள்ளங்கை எர்னஸ்டீனின் நெஞ்சுக்கு நேரே நின்றது.

எர்னஸ்டீன் அந்தக் கையைப் பார்த்தாள். "நீயுமா வில்லி" என்றுகூட அவள் கேட்கவில்லை. "நான் போகணும்" என்றாள், அவ்வளவுதான்.

எர்னஸ்டீன் சுற்றிக்கொண்டு போய் மற்றக் கதவைத் தானே தள்ளித் திறந்தாள். வெயில் ஒரு கணம் உள்ளே விழுந்தது. கதவு மூடிக்கொண்டது.

ஜெபம் நீண்டுகொண்டே போயிற்று. வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. பாஸ்டர் ஆமென் சொல்லும்வரை வில்லடீன் கையை இறக்கவில்லை.