சந்தனம் ஒட்டிய கப்ளிங்

அறுபதுகளின் கடைசியில் துவாக்குடியில் இன்ஜினியரிங் படித்தபோது நான் செய்த அயோக்கியத்தனம் இது. அசட்டுத்தனம் என்றுதான் இத்தனை வருஷம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை, அயோக்கியத்தனம்தான்.

கண்காட்சிக்காக நானும் என் வகுப்புத் தோழனும் ரேடியோவால் ஓட்டும் மாதிரிப் படகு ஒன்று கட்டினோம். நான் ஸ்ரீரங்கத்துக்காரன். அவன் லால்குடிப் பக்கம், நெல் விவசாயம் பார்க்கும் வீடு. மோட்டாரும் ரேடியோவும் என் பொறுப்பு. தண்ணீருக்குள் விசிறியைச் சுழற்றும் ஷாஃப்டை லேத்தில் கடைந்தது அவன். மோட்டாரின் நுனியில் ஒரு பித்தளை வில்லை, ஷாஃப்டின் நுனியில் ஒன்று. இரண்டையும் முகத்தோடு முகம் வைத்துத் திருகினால் அதுதான் கப்ளிங்.

ஆயுத பூஜை லீவு முடிந்து வந்து, இரண்டையும் முடுக்கிப் படகைத் தொட்டியில் விட்டோம். தடதடவென்று அப்படியொரு உதறல்! உதறலில், சுக்கானைத் திருப்பும் ரேடியோவின் ரிலே விட்டுவிட்டுப் பிடித்தது. இடது பக்கம் திரும்பச் சொன்னால் படகு நேரே போய்ச் சுவரில் முட்டியது.

“ஷாஃப்ட் கோணல்டா,” என்றேன், சுற்றி நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி. “ஏர் பிடிச்ச கைக்கு லேத் எதுக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். அவன் போய் இன்னொன்று கடைந்து வந்தான். அதுவும் உதறியது. மூன்றாவதையும் கடைந்து, கண்ணாடிப் பலகையில் உருட்டிக் காட்டினான்.

“நேராத்தானேடா இருக்கு? மோட்டார் பக்கத்து வில்லைய ஒரு தடவ நான் பாக்கட்டுமா?”

“மோட்டார்ல கை வைக்காதே. அது என் வேலை.”

அவனை நீக்கிவிடலாமா என்று வாத்தியாரே என்னிடம் கேட்டார். கண்காட்சிக்கு அவன் அப்பா ஊரிலிருந்து வருகிறார் என்பது எனக்குத் தெரியும். போனால் போகிறது, இருக்கட்டும் என்றேன். என்ன தாராளம்!

கண்காட்சிக்கு முதல் நாள் மத்தியானம், அவன் சாப்பிடப் போயிருந்தபோது, அவன் கேட்டது உறுத்த, கப்ளிங்கைக் கழற்றி என் வில்லையின் முகத்தை நகத்தால் சுரண்டினேன். பொடியாக உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம். லீவு விடுமுன் ஒர்க் ஷாப்பில் பூஜை போட்டபோது மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்த கையோடு என் மோட்டாருக்கும் அப்பியது நான்தான். குங்குமத்தை மட்டும் துடைத்திருக்கிறேன். காய்ந்த சந்தனம் எண்ணெய் குடித்து, பித்தளை நிறத்திலேயே உட்கார்ந்துவிட்டது. இரண்டு வில்லைக்கும் நடுவே ஒரு பக்கம் மட்டும் அந்தத் தடிமன் இருந்தால் ஷாஃப்ட் சாயாமல் என்ன செய்யும்?

துடைத்தேன். அவன் முதலில் கடைந்த ஷாஃப்டையே எடுத்து மாட்டினேன். படகு ஒரு நடுக்கமும் இல்லாமல் போயிற்று.

“எப்படிடா சரி பண்ணே?” என்று ஓடி வந்தான்.

“உன் ஷாஃப்டைக் கொஞ்சம் தட்டி நிமிர்த்தினேன்.” நாக்கு கூசவே இல்லை.

மறுநாள் படகு சொன்ன பக்கமெல்லாம் திரும்பியது. கூட்டத்தில் நின்ற தன் அப்பாவை என்னிடம் அழைத்து வந்தான்.

“நான் கடைஞ்சது கோணலாப் போச்சுப்பா. இவன்தான் நிமித்திக் குடுத்தான்.”

அவர் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என்னைவிட இருபத்தைந்து வயது பெரியவர், என்னைப் பார்த்துக் கை கூப்பினார்.

“எம் புள்ள மானத்தக் காப்பாத்துனீங்க தம்பி. நல்லா இருக்கணும் நீங்க.”

“பரவாயில்லைங்க,” என்றேன் நான், பெருந்தன்மையாக.