முத்தம்மா அறை யன்னல்

போன வாரம் அடுத்த வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போனேன். "அன்ரி, உந்த யன்னலை ஒருக்கால் திறந்து விடுங்கோ, பிள்ளைக்கு வேர்க்குது" என்றாள் தாய். கொளுக்கியில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. முப்பது வருடம் மருத்துவிச்சியாக இருந்தவளுக்கு யன்னல் திறக்கப் பயம் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வேலைக்கு வந்த புதிது. வெள்ளைச் சேலை, கார்பாலிக் மணக்கும் பெட்டி, தலை நிறையக் கர்வம். புத்தகத்தில் 'நல்ல காற்று' என்று படித்திருந்தேன். போகிற வீட்டிலெல்லாம் முதல் வேலையாக யன்னலைத் திறப்பேன்.

நகரசபைத் துப்புரவுத் தொழிலாளர் குடியிருந்த வரிசை அறைகளான மஹய்யாவ லயத்தில் முத்தம்மாவுக்கு எட்டாம் மாதமே வலி கண்டது. காணாமல் என்ன செய்யும்? லயம் முழுவதற்கும் ஒரே பைப்; வயிற்றைத் தள்ளிக்கொண்டு சண்டை போட்டுத்தான் தண்ணீர் பிடித்து மேடேறுவாள். தெருக் கூட்ட ஒருநாள் வராவிட்டாலும் அறையைப் பறிப்பேன் என்று வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் வேறு மிரட்டியிருந்தான். அந்தப் பயத்தில் உறக்கமே இல்லை என்று அவளே சொல்லியிருந்தாள். பிறந்த பெண் பிள்ளை என் இரண்டு கைக்குள் அடங்கியது. அழவும் தெம்பில்லை.

அறையின் ஒரே யன்னலைச் சாக்கு வைத்து ஆணி அடித்திருந்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வேணாங்க மிஸ்ஸி, அதத் தொறக்காதீங்க" என்று முத்தம்மா கெஞ்சினாள்.

கேட்டேனா? பிடுங்கி எறிந்தேன். நாலடி தள்ளி லயத்து வாளிக் கக்கூசுகள், நிரம்பி வழிந்தபடி. ஈக்கள் நேரே பிள்ளையின் வாயில் வந்து உட்கார்ந்தன. வெட்கத்தோடு சாக்கைத் திரும்ப அடித்தேன். ஆனால் மூடினால் அடுப்புப் புகை. பிள்ளைக்கு மூச்சு இழுத்தது.

முத்தம்மாவின் புருஷன் ராமனுக்கு ஊர்க் கக்கூசு வாளிகளை அள்ளுவதுதான் தொழில். பங்களாக்கள் முதலில், சொந்த லயம் உச்சிவெயிலில், கடைசியாக. அதுதான் முறை.

"நாளையிலருந்து நம்ம வாளியத்தான் மொதல்ல எடுக்கப் போறேன்" என்றான்.

"ஓவசியர் சும்மா விடுவானோ?"

"புள்ள மூச்சு விடட்டும் மிஸ்ஸி."

விடியுமுன்னே அள்ளிக் கழுவி விட்டான். யன்னல் திறந்தது. எட்டாம் நாள் பிள்ளை தானாகப் பால் குடித்தது, நான் அழுதேவிட்டேன்.

ஒன்பதாம் நாள் ஒரு பங்களாவிலிருந்து புகார் போனது. ராமனுக்கு வேலை போனது, அதோடு அறையும். ஓவசியரிடம் ஓடினேன். "பிள்ளை இன்னும் தேறேல்லை, ஒரு மாதம் பொறுங்கோ" என்றேன். அவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பஞ்சில் பொதிந்த பிள்ளையோடு மாத்தளைப் பக்கம் நடந்தார்களாம். என் பதிவேட்டில் 'இடம் மாறினர்' என்று எழுதி அவர்கள் பக்கத்தை மூடச் சொன்னார்கள் மேலதிகாரிகள். எழுதினேன்.

அந்த லயம் இன்றில்லை, வாளிகளும் இல்லை. அந்தப் பிள்ளை இருந்தால் நாற்பது தாண்டியிருக்கும். இருந்தால்.

"என்ன அன்ரி, திறக்கேலாதோ?"

திறந்தேன். பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன்.