எட்டுக் கோரும் ஒரு பூட்டும்

ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் அறையில் அவளுக்குப் பெயர் பூட்டக்கா. எழுதுகிற புரோகிராமில் எல்லாம் பூட்டு போடுவாள். புது மெஷினில் எட்டுக் கோர், அதாவது ஒரே சமயத்தில் வேலை பார்க்கிற எட்டு மூளை. பொதுவான ஓர் எண்ணை ஒரு கோர் தொடும்போது மற்ற ஏழும் காத்திருக்க வேண்டும். அப்படி நிறுத்தி வைப்பதுதான் பூட்டு.

மேலாளருக்கு அது பொறுக்கவில்லை. "எட்டு கோர் வாங்கிக் குடுத்தா ஏழு சும்மா உக்காந்திருக்கேம்மா! ரத்த டியூபுக்கு லேபிள் அடிக்க இவ்வளவு நேரமா?" தினமும் இதே பாட்டு. நேற்று அவளுக்கும் சலித்துப்போய், ஒவ்வொரு டியூபுக்கும் வரிசை எண் தருகிற இடத்துப் பூட்டைக் கழற்றிவிட்டாள். தன் பழைய லேப்டாப்பில் நூறு தடவை ஓட்டிப் பார்த்தாள். ஒரு பிசகும் இல்லை. எப்படி இருக்கும்? அதில் இருந்ததே ஒரு கோர். மோதிக்கொள்ள இன்னொன்று வேண்டாமா? அவ்வளவு கெட்டிக்காரிக்கு அது உறைக்கவில்லை. இன்று காலை புது மெஷினில் ஏற்றிவிட்டாள்.

பத்தரைக்கு லேப் பெண் ஓடிவந்தாள். "அக்கா, ரெண்டு பேரோட டியூப்ல ஒரே நம்பர்!"

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இரண்டு கோர் ஒரே நொடியில் ஒரே எண்ணை எடுத்திருக்கின்றன.

"அந்த நம்பரை வச்சு குரூப் பாத்து ரத்தம் அனுப்பியாச்சா?"

"இப்பத்தான்க்கா, ஆபரேஷன் தியேட்டருக்கு."

அவள் தியேட்டருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நர்ஸ் எடுத்ததும் பூட்டக்கா கத்தினாள். "ரத்தம் ஏத்தாதீங்க! லேபிள் தப்பு!"

"யாரு சொன்னது?"

"நான்தான். தப்பு பண்ணதும் நான்தான்."

மறுமுனையில் ஓடுகிற செருப்புச் சத்தம் கேட்டது. பூட்டக்கா தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டாள்.

"ஊசி குத்தியாச்சு. ரத்தக் குழாயோட திருகைத் திறக்கப் போனோம், நிறுத்திட்டோம்," என்றாள் நர்ஸ்.

மூச்சு விடுவதற்குள் மேலாளர் சிரித்துக்கொண்டே வந்தார். "இன்னிக்கு எட்டும் ஓடுது! லேபிள் பறக்குதாமே!"

"சொல்லாதீங்கக்கா, வேலை போயிடும்," என்று லேப் பெண் அவள் காதில் முணுமுணுத்தாள். பூட்டைத் திரும்பப் போட இரண்டு நிமிடம் போதும், யாருக்கும் தெரியாது. ஆனால் காலையிலிருந்து அடித்த லேபிள்கள் வார்டு வார்டாகப் போயிருந்தன.

"சார், இன்னிக்கு அடிச்ச லேபிள் அத்தனையும் திரும்ப வாங்கணும். பூட்டை எடுத்தது நான்."

அவர் முகம் வெளிறியது. "வேற யாருக்காவது ரத்தம் ஏறியிருக்கா?"

"தெரியல சார்," என்றாள்.