பாதத்துக்குப் போன சூடு

வேலூர் வெயிலில் வளர்ந்தவளுக்குக் குளிர் ஆகாது என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆம்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டெக்னீஷியன் பிரிசில்லா. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த அந்தோணியின் மகள். இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் உள்ளே போவாள். "ஊட்டிக்குக் கெளம்பிட்டாங்க" என்று நர்ஸுகள் கிண்டல் செய்வார்கள்.

ஆனால் நோயாளியைப் போர்த்துவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர். மயங்கிக் கிடக்கும் உடம்புக்கு நடுங்கக்கூடத் தெரியாது. சூடு இறங்கிக்கொண்டே போகும். அதற்காக மார்பின் மேல் காகிதப் போர்வை ஒன்றை விரித்து, மிஷினிலிருந்து குழாய் வழியாக அதற்குள் சூடான காற்றை விடுவார்கள். அந்தக் குழாய் பிரிசில்லாவின் பொறுப்பு.

அன்று மேஜையில் திமிரி ஊரிலிருந்து வந்த கெங்கம்மாள். கழனியில் களை பறிக்கிறவள், வயிற்றில் கட்டி. வயிற்றைத் திறந்ததும் சர்ஜன் காஷிஃபுக்கு வேர்த்தது. ஏசியை இன்னும் கூட்டச் சொன்னார். பிரிசில்லாவின் பாதங்கள் மரத்துப்போயின. மயக்க டாக்டர் சைரா மறுபக்கம் ரத்தம் ஏற்றுவதில் மும்முரமாக இருந்தார். கொஞ்ச நேரந்தானே என்று குழாயைக் கழற்றித் தன் கவுனுக்குள் கால் பக்கமாக விட்டு, கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டாள். அப்பாடா என்றிருந்தது. அந்தக் கதகதப்பில் கெங்கம்மாளையே மறந்துவிட்டாள் பாவி.

"டெம்பரேச்சர் இன்னா இவ்ளோ கம்மியா காட்டுது? குழாய் கழண்டுக்கிச்சா?" என்றார் சைரா.

"ஆமா மேடம்," என்று சொல்லிவிட்டு அவசரமாக மாட்டினாள். மேய்ந்தது வேலி, பழி குழாய் மேல்.

பக்கத்து அறைக்கு மாற்றி மயக்கம் தெளிந்ததும் கெங்கம்மாள் கட்டிலே ஆடும்படி நடுங்கினாள். ஒவ்வொரு நடுக்கத்துக்கும் தையல் இழுக்க முனகினாள். தன்மேல் கம்பளி போட்டுவிட்டுக்கொண்டிருந்த பிரிசில்லாவின் கையைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"உன் கை கதகதன்னு இருக்குது கண்ணு. வுட்றாத."

கூடவே நின்ற மகள் மோகனா பிரிசில்லாவின் தோளைத் தொட்டாள். "உன் வூட்டு மனுஷி மாதிரி பாத்துக்கினியே. நீ நல்லா இருக்கணும்."

"பிரிசில்லா இருந்தா எனக்குக் கவலையே இல்ல," என்றார் சைரா.

பிரிசில்லாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. நாலு பேர் முன்னால் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"மேடம், குழாய் தானா கழல்ல. நான்தான் கழட்டி என் காலுக்கு வெச்சிக்கினேன்."

மோகனா தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். கெங்கம்மாள் மட்டும் பிடியை விடவில்லை. அவளுக்கு இன்னும் குளிர் போகவில்லை.